சித்தப்பாவின் வெஸ்பாவை டிசிக்கு மாற்றிய கதை

வல்லை வெளியை இரவில் கடந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கும். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை போகும் வீதியில் ஆவரங்காலைத் தாண்டிக் கொஞ்சம் போனால் வீடுகள் முடிந்துவிடும். பிறகு பாலம் வரைக்கும் இரண்டு பக்கமும் வெளிதான். காற்று ஆளைத் தள்ளும். பகல் வெயிலில் சூடேறிய தார் இரவில் இதமாக இருக்கும்போலும், மாடுகள் வீதியிலேயே படுத்துக்கிடக்கும். மாட்டைக் கண்டு ஆக்சிலேற்றரைக் குறைத்தால் என் வெஸ்பாவின் லைற்றும் சேர்ந்து குறைந்துவிடும். அதாவது, எந்த நேரத்தில் வெளிச்சம் வேண்டுமோ அந்த நேரத்தில்தான் அது இருக்காது.

வண்டி சித்தப்பாவினுடையது. பிஎக்ஸ் 150 ஸ்கூட்டர், 12 வோல்ற், பற்றரி இல்லாத வகை. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்று, ஓடித் தேய்ந்த மோட்டார்சைக்கிள்களுக்கும் யானைவிலை சொல்லத் தொடங்கிய காலத்தில்தான் மாமரத்துக்குக் கீழே கொட்டிலில் நின்ற அந்த வெஸ்பாவின் நினைவு எனக்கு வந்தது. காபுரேற்றர் கழுவி, ஒயில் சீல் மாற்றி, இரண்டு ரயரும் போட்டதும் ஓடத் தொடங்கிவிட்டது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. லைற்தான் பிரச்சினை.

"மங்குதெண்டால் ஆக்சிலேற்றரைக் கூட்டு. முப்பது வருசம் நான் அப்பிடித்தான் ஓடினனான்" என்றார் சித்தப்பா. கிளச்சைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேற்றரை முறுக்கியபடி மாட்டைச் சுற்றிப் போவது அவர் தலைமுறையின் கலை. எனக்கு அது கைவரவில்லை.

இனி விசயத்துக்கு வருவோம். பிஎக்ஸ் வெஸ்பாவில் மக்னற்றுக்குள் (பிளைவீலை எங்கள் கராஜ்களில் மக்னற் என்றுதான் சொல்வார்கள்) ஆறு கொயில்கள் இருக்கும். ஒன்று தீப்பொறிக்கு, மற்ற ஐந்தும் லைற்றுக்கு. சுற்றும் காந்தம் இந்த ஐந்தில் உண்டாக்குவது ஆடலோட்டம், அதாவது திசை மாறி மாறி ஓடும் மின். பள்ளிக்கூடத்தில் படித்த சொல் இது, கராஜில் ஏசி. ஐந்தும் சேர்ந்து 80 வாற் தரும் என்பது கணக்கு. ஆனால் அது எஞ்சின் நன்றாகச் சுற்றும்போதுதான். ஐடிலில் வோல்ற் இறங்கிவிடும். ரெகுலேற்றர் என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அது கூடியதை வெட்டும், குறைந்ததைக் கூட்டாது. இழை பல்ப்பில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வோல்ற் காற்பங்கு குறைந்தால் வெளிச்சம் காற்பங்கோடு நிற்காது, பாதிக்கும் கீழே போய்விடும். ஆகவேதான் ஐடிலில் 35 வாற் பல்ப் மெழுகுதிரி போல மஞ்சளாக நிற்கிறது.

டிசி ஆக்குவது என்றால் இந்த ஆடலோட்டத்தை ஒரே திசையில் ஓடும் நேரோட்டமாகச் சீராக்கி ஒரு பற்றரிக்குள் விடுவது. லைற் பற்றரியில் எரியும், எஞ்சின் பற்றரியை நிரப்பும். மாட்டுக்கு முன்னால் நின்றாலும் வெளிச்சம் நிற்கும். சொல்ல இவ்வளவுதான். செய்ய எனக்கு மூன்று தரம் எடுத்தது.

முதல் தரம் நானே கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு செய்தது. ஒரு கடையில் சின்ன மோட்டார்சைக்கிள்களுக்குப் போடும் ரெகுலேற்றர் ஒன்றைத் தந்தார்கள். "மஞ்சள் வயரைக் கொயிலுக்குக் குடுங்கோ, சிவப்பைப் பற்றரிக்குக் குடுங்கோ, முடிஞ்சுது" என்றார்கள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. முதல் நாலைந்து இரவுகள் அருமை. ஆறாம் நாள் நெல்லியடியிலிருந்து வரும்போது வல்லைப் பாலத்தில் லைற் செத்தது. பழைய ஏசி லைற்றாவது ஆக்சிலேற்றரைக் கூட்டினால் வந்திருக்கும். இது அதற்கும் வரவில்லை. கைப்பேசியின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து வந்தேன்.

காரணம் பிறகுதான் விளங்கியது. அந்த வகை ரெகுலேற்றர் அரை அலைச் சீராக்கம்தான் செய்யும். ஆடலோட்டத்தின் ஒரு பக்க அலை பற்றரிக்குப் போகும், மற்றப் பக்கம் பற்றரிக்கு உதவாது. லைற்றைக் கொயிலிலேயே விட்டுவிட்டு ஹோனுக்கும் இன்டிகேற்றருக்கும் மட்டும் பற்றரி வைக்கிற வண்டிக்கு அது காணும். ஹெட்லைற்றையும் அதில் தொங்கவிட்டால் வருமானத்தைவிடச் செலவு கூடிவிடும். பற்றரி ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடனாளியாகி ஆறாம் நாள் கையை விரித்துவிட்டது.

இரண்டாம் தரம் முழு அலை ரெகுலேற்றர் வாங்கினேன். இரண்டு மஞ்சள் வயர், ஒரு சிவப்பு, ஒரு பச்சை. கொயிலிலிருந்து வரும் வயரை ஒரு மஞ்சளுக்குக் கொடுத்தேன். மற்ற மஞ்சளுக்கு என்ன கொடுப்பது? கொயிலின் மற்ற நுனி எஞ்சின் உடம்பில் எர்த் ஆகியிருக்கிறது, ஆகவே இந்த மஞ்சளையும் எர்த்தில் பூட்டினால் சரி என்று நினைத்தேன். காகிதத்தில் கீறிப் பார்த்தபோதும் சரியாகத்தான் தெரிந்தது. வண்டியை உதைத்து அஞ்சு நிமிடம் விட்டேன். ரெகுலேற்றரில் கை வைக்க முடியவில்லை. மக்னற் பக்கத்திலிருந்து வார்னிஷ் காய்கிற மணம் வந்தது. நிறுத்திவிட்டேன்.

அன்று பின்னேரம் சித்தப்பா வந்து பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். இருபத்தெட்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவர். ஒன்றையும் நேராகச் சொல்லமாட்டார், கேள்விதான்.

"கொயிலின்ரை ஒரு நுனி எங்கை நிக்குது?"

"பொடியிலை." வண்டியின் இரும்பு உடம்பைத்தான் பொடி என்கிறோம்.

"பற்றரியின்ரை மைனஸ்?"

"அதுவும் பொடியிலை."

"அப்ப உள்ளுக்கை இருக்கிற நாலு இருவாயியிலை ஒண்டு என்ன செய்துகொண்டிருக்கும், யோசி."

யோசித்தேன். முழு அலைச் சீராக்கியில் நாலு இருவாயிகள் (டையோட், மின்னை ஒரு திசையில் மட்டும் விடுபவை) பாலம் போல இருக்கும். கொயிலின் இரண்டு நுனிகளும் இரண்டு மஞ்சள்கள். பிளசும் மைனசும் மற்ற இரண்டு மூலைகள். மைனஸ் மூலையிலிருந்து முதல் மஞ்சளை நோக்கி ஓர் இருவாயி நிற்கிறது. மைனசும் பொடி, கொயிலின் மறு நுனியும் பொடி என்றால், அந்த ஒற்றை இருவாயி கொயிலின் இரண்டு நுனிகளுக்கும் குறுக்கே நேராகப் படுத்துக்கிடக்கிறது என்றுதானே அர்த்தம்? அலை ஒரு பக்கம் திரும்பும்போது மின் பற்றரிக்குப் போகும். மறுபக்கம் திரும்பும்போது கொயில் அந்த இருவாயி வழியாகத் தன்னைத்தானே சோர்ட் பண்ணும். காசு கூடக் கொடுத்து வாங்கிய முழு அலை ரெகுலேற்றர், அரை அலையின் வேலையையே செய்துகொண்டு மிச்ச அலையைக் கொயிலைச் சூடாக்கப் பயன்படுத்தியிருக்கிறது.

சித்தப்பாவுக்கு இது எப்படி உடனே தெரிந்தது என்றால், அவர் இதே பிழையைச் செய்தவர். 1990இல் போரால் யாழ் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் வராது. செய்தி கேட்க வேண்டும் என்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோவைப் பாடவைக்க வேண்டும். அந்தக் காலத்து ஆட்களுக்கு இது புதுக்கதை இல்லை. டைனமோ தருவதும் ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். பழைய றேடியோ ஒன்றிலிருந்து நாலு இருவாயிகளைக் கழற்றிப் பாலம் கட்டியிருக்கிறார். றேடியோவின் மைனஸ் வயரை வசதிக்காகச் சைக்கிள் பிறேமிலேயே சுற்றிவிட்டிருக்கிறார். டைனமோவின் உடம்பும் பிறேமில்தான் பூட்டியிருந்தது. சித்தி கை நோகச் சுற்றியும் றேடியோ இரைந்ததே தவிரப் பேசவில்லை. அந்த ஒற்றை வயரைப் பிறேமிலிருந்து கழற்றிய பிறகுதான் பேசியது.

"அங்கை நான் றேடியோவை விலத்தினனான். இதிலை உன்னாலை பற்றரியை விலத்தேலாது. எல்லா பல்ப்பும் பொடியிலைதான் போய் முடியுது. அப்ப ஆர் விலகவேணும்?"

கொயில்தான் விலகவேண்டும். பழைய ஸ்கூட்டர் ஒன்றை ஏசியிலிருந்து டிசிக்கு மாற்றுவதில் உண்மையான வேலை இது ஒன்றுதான். கொயிலின் எர்த் நுனியைத் தட்டிலிருந்து கழற்றி, புது வயர் ஒன்றில் வெளியே கொண்டுவந்து, இரண்டாம் மஞ்சளுக்குக் கொடுக்க வேண்டும். பற்றரியும் ரெகுலேற்றரும் யாரும் பூட்டலாம். இந்தச் சோல்டரைச் செய்யாமல் "முழு அலை போட்டுத் தந்தனாங்கள்" என்று சொல்லும் இடத்தில் வண்டியைக் கொடுக்காதீர்கள். அல்லது கொடுக்க முதல், மக்னற் கழற்றுவீர்களா என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

மூன்றாம் தரம், மக்னற்றைக் கழற்றினோம். விசிறி மூடியை எடுத்தால் நடுவில் பெரிய நட் ஒன்று தெரியும். எங்கள் வண்டியில் அந்த நட்டுக்கு மேலே ஒரு சேர்கிளிப் (வளையக் கிளிப்) இருந்தது. அதைக் கழற்றப் போன என் கையைச் சித்தப்பா தட்டிவிட்டார். கிளிப் இருக்கிற வகையில் நட்டே இழுவைக் கருவி. முதலில் இலகும், பிறகு மறுபடி இறுகும். பயப்படாமல் தொடர்ந்து அவிழ்த்தால் நட் கிளிப்பில் முட்டி மக்னற்றைத் தானே இழுத்துக்கொண்டு வரும். கிளிப் இல்லாத வகைக்குப் புளர் வேண்டும். ஸ்குறூ டிறைவரைக் கொடுத்து நெம்பினால் விசிறி இதழ்கள்தான் உடையும். மக்னற் வந்ததும் அதன் உட்பக்கத்தை ஒருமுறை தடவிப் பாருங்கள். எங்களுடையதில் ஒரு வாஷர் ஒட்டிக்கொண்டிருந்தது. கழற்றி வைத்த இடத்திலிருந்து ஒட்டியது. அப்படியே பூட்டி உதைத்திருந்தால் கொயில்களைச் சீவியிருக்கும்.

உள்ளே கொயில் தட்டு மூன்று ஸ்குறூவில் நிற்கிறது. அதை அசைக்க முதல், தட்டிலும் எஞ்சின் உடம்பிலும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். தட்டு கொஞ்சம் திரும்பினாலும் தீப்பொறியின் நேரம் மாறிவிடும். லைற்றைத் திருத்தப் போய் எஞ்சினைக் கெடுத்த கதையாகும். பிஎக்ஸ் தட்டில் ஏ, ஐடி என்று குறிகள் இருக்கும். ஆனாலும் வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அது இருந்த இடமே சரியான இடம். உங்கள் கீறலை நம்புங்கள்.

தட்டை வெளியே எடுத்து வயர்களை விரலால் தொட்டபோதுதான் இந்த வண்டி இவ்வளவு காலம் எதை நம்பி ஓடியது என்று யோசித்தேன். தட்டிலிருந்து வெளியே வரும் ஐந்து வயர்களிலும் உறை பப்படம் போல நொருங்கியது. வளைத்தால் சடசடவென்று உதிர்ந்து செப்பு வெளியே தெரிந்தது. நீல வயரில் செப்பு கறுத்து, பச்சை வயரைத் தொட இன்னும் ஒரு நூல் இடைவெளிதான். சூடும் ஒயிலும் இத்தனை வருடம் சேர்ந்து செய்த வேலை. இந்தக் கால வெஸ்பாக்களின் பொதுவான நோய் இது என்பதால், டிசி ஆக்குகிறீர்களோ இல்லையோ, மக்னற் கழற்றிய கையோடு ஐந்தையும் மாற்றிவிடுங்கள். சூடு தாங்கும் வயராக வாங்க வேண்டும். வீட்டுக்கு இழுக்கிற வயர் ஒரு வருடமும் நிற்காது.

லைற் கொயில்களின் கடைசி நுனி தட்டில் ஈயத்தால் ஒட்டியிருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. எல்லாக் கொயிலையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணால் தொடர்ந்துகொண்டு போனால் ஒரு முனை லைற்றுக்குப் போகும் நீல வயருக்கு வரும், மறு முனை எர்த்துக்குப் போகும். எர்த் முனையில் சோல்டரிங் அயனை வைத்தால் தட்டு சூட்டையெல்லாம் உறிஞ்சும். சின்ன அயன் காணாது. நுனி கழன்றதும் அதிலுள்ள வார்னிஷை சவர அலகால் சுரண்டினேன். செப்பு ரோஜா நிறத்தில் மின்னும் வரை சுரண்ட வேண்டும். மங்கலாக இருக்கும்போது ஈயம் வைத்தால் மேலே உருண்டு நிற்குமே தவிரப் பிடிக்காது. புது மஞ்சள் வயரைச் சுற்றி, ஈயம் வைத்து, சுருங்கும் உறை போட்டு, மெழுகு தடவிய நூலால் கொயிலோடு சேர்த்துக் கட்டினோம். சித்தி தைக்கும் நூல்தான். காந்தத்துக்கும் கொயிலுக்கும் இடையில் இருக்கும் இடைவெளி மிகச் சொற்பம். கட்டு தடித்தால் உரசும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அதே தட்டில் தீப்பொறிக் கொயிலின் எர்த்தும் இருக்கிறது. தீப்பொறியைக் கிளப்பும் பெட்டியான சிடிஐக்குப் போகும் வெள்ளை வயர் அதுதான். அது தட்டிலேயே இருக்க வேண்டும். உற்சாகத்தில் அதையும் கழற்றிவிட்டால் வண்டி உதைத்து உதைத்துக் கால்தான் போகும். விலகவேண்டியது லைற்றின் எர்த் மட்டும்.

பூட்ட முதல் மீற்றரால் பார்த்தது இவை. லைற் கொயிலின் இரண்டு வயர்களுக்கும் இடையில் ஒரு ஓமுக்கும் குறைவு. அந்த இரண்டில் எதிலிருந்தும் தட்டுக்கு ஒன்றுமே இல்லை, மீற்றர் சத்தம் போடக்கூடாது. போட்டால் எங்கோ இன்னும் தொடுகிறது என்று அர்த்தம், பூட்டாதீர்கள். சிவப்புக்கும் வெள்ளைக்கும் 110 ஓம் அளவு, பச்சைக்கும் வெள்ளைக்கும் 500 ஓம் அளவு. இவை தீப்பொறிப் பக்கம் சுகமாக இருப்பதற்கு அடையாளம். எங்களுக்கு 108உம் 496உம் வந்தன.

மற்ற வேலைகள் ஒரு பின்னேரத்தில் முடிந்தன. பற்றரி 12 வோல்ற், 5 அம்பியர்-மணி, மூடிய வகை. இந்தக் காலத்து ஸ்கூட்டர்களுக்குப் போடுவதுதான், எந்தக் கடையிலும் கிடைக்கும். பழைய ஸ்கூட்டருக்கு என்று தனியாகத் தேடி உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பத் தேவையில்லை. இடது கன்னத்துக்குள் (பக்க மூடிக்குள்) ஸ்பேர் சில்லோடு ஒட்டி ஒரு தகட்டுப் பட்டி வளைத்து இருத்தினோம். பற்றரியின் பிளசிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 அம்பியர் பியூஸ். ரெகுலேற்றரை வெறும் இரும்பில், காற்றுப் படும் இடத்தில் இறுக்கினோம். கூடிய மின்னைச் சூடாக்கித் தள்ளுவதுதான் அதன் வேலை, பொலித்தீனில் சுற்றி மழைக்குக் காப்பாற்றுகிறேன் என்று நினைக்கக்கூடாது. நான் நினைத்தேன். சித்தப்பா கண்டு கழற்றினார்.

எல்லாம் பூட்டி லைற் சுவிச்சைப் போட்டேன். லைற் பளிச்சென்று வந்தது. எஞ்சினே இயங்கவில்லை, லைற் எரிகிறது! ஹோனை அழுத்தினேன். "டிக்." மறுபடியும் "டிக்." அவ்வளவுதான்.

ஏசி ஹோனுக்குள் தொடுப்பு விட்டு விட்டுப் போகும் பொறிமுறை இல்லை. ஆடலோட்டம் தானே திரும்பித் திரும்பி அதன் தகட்டை அதிரவைக்கும். நேரோட்டம் கொடுத்தால் தகடு ஒருமுறை இழுபட்டு அப்படியே நிற்கும், அழுத்திப் பிடித்தால் ஹோன் சூடாகும். ஆகவே டிசி ஹோன் வாங்க வேண்டும். இன்டிகேற்றரின் பிளாஷரும் அப்படித்தான், டிசிக்கு உரியதை மாற்ற வேண்டும். செலவுக் கணக்குப் போடும்போது இந்த இரண்டையும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்தேன்.

சாவியையும் மறந்தேன். இதுதான் பெரிய மறதி. பற்றரி இல்லாத பிஎக்சில் சாவி செய்யும் வேலை ஒன்றுதான். மூடினால் சிடிஐயின் பச்சை வயரை எர்த் பண்ணி எஞ்சினை நிறுத்தும். லைற்றுக்கு அங்கே வேலை இல்லை, ஏனென்றால் எஞ்சின் நின்றால் லைற்றும் நிற்கும். நானோ முதலில் லைற்றுகளைப் பற்றரியிலிருந்து நேராகக் கொடுத்து, சாவிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சுவிச்சைத் தனியாக வைத்திருந்தேன். நல்லூர்த் திருவிழாவுக்குப் போய், கோயிலுக்குக் கிட்ட ஒரு வீட்டு வளவில் வண்டியை விட்டுத் துண்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். தேர் முட்டிப் பக்கம் சனம், கச்சான் கடை, ஐஸ்கிறீம் என்று மூன்று மணித்தியாலம். திரும்பி வந்தபோது பின் லைற் சிவப்பாக மினுங்கிக்கொண்டிருந்தது. ஏசி ஸ்கூட்டர் ஓடிப் பழகியவனுக்கு லைற்றை அணைக்கும் பழக்கமே கிடையாது. வளவுக்கார அம்மா, "தம்பி, உது எரிஞ்சபடிதான் நிண்டது, அழகுக்கெண்டு விட்டிட்டுப் போட்டியளோ எண்டு நினைச்சன்" என்றார்.

ஆனால் ஒன்று. பற்றரி படுத்திருந்தாலும் ஒரே உதையில் எஞ்சின் வந்தது. தீப்பொறிக்கும் பற்றரிக்கும் தொடர்பே இல்லை. சிடிஐ தன் சொந்தக் கொயிலில் உயிர்வாழ்கிறது. "டிசி ஆக்கினால் பற்றரி செத்த அண்டைக்கு நடுவழியிலை நிக்கவேண்டி வருமே" என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில். சிடிஐயின் அந்தப் பச்சை வயரை மட்டும் பற்றரியின் எந்த வயரோடும் சேர்த்துவிடாதீர்கள். 12 வோல்ற் அதில் ஏறினால் சிடிஐ போய்விடும். நல்லூரிலிருந்து வந்த அடுத்த நாளே பற்றரி வகை பிஎக்சுக்கு வரும் சாவிச் சுவிச்சைத் தேடி வாங்கிப் போட்டேன். ஒரு பக்கத்தால் பச்சையை எர்த் பண்ணும், மறுபக்கத்தால் பற்றரியையும் வெட்டும்.

எல்ஈடி பற்றி. டிசி ஆக்கியதும் எல்லோருக்கும் வரும் ஆசை எனக்கும் வந்தது, ஹெட்லைற்றுக்கு ஒரு எல்ஈடி போட்டேன். பால் போல வெள்ளை. எதிரே வந்தவர்கள் எல்லோரும் டிம் அடித்தார்கள். பழைய றிப்ளெக்டர் இழை நிற்கும் ஒரு புள்ளிக்கு என்று செய்தது. எல்ஈடியின் வெளிச்சம் வேறு இடத்திலிருந்து வருவதால் மேலும் கீழுமாகச் சிதறும். கார்த்திகை மழையில் வல்லை வெளியில் முன்னால் ஒரு வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது, வீதி தெரியவில்லை. மறுபடி 35 வாற் இழை பல்ப்பையே போட்டேன். நிலையாக 13 வோல்ற்றுக்கு மேலே கிடைக்கும்போது அந்தப் பழைய பல்ப் எவ்வளவு நன்றாக எரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பின் லைற்றும் பிறேக் லைற்றும் மட்டும் எல்ஈடி. பிறேக்கைப் பிடித்துக்கொண்டு சந்தியில் நிற்கும்போது பற்றரியில் சுமை குறைகிறது. இதற்கு மேல் எனக்கு ஆசை இல்லை.

இப்போது என் வண்டியில் மீற்றர் காட்டுவது: இரவு நின்ற பற்றரி காலையில் 12.7. ஹெட்லைற்றோடு ஐடிலில் 12.5க்குக் கிட்ட, மெதுவாக இறங்கும். ஆக்சிலேற்றரைக் கொஞ்சம் கொடுத்தால் 13.6, வீதி வேகத்தில் 14.2இல் நிற்கும், அதற்கு மேல் ஏறாது. உங்களுக்கு 15ஐத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள். ரெகுலேற்றரின் எர்த்தை முதலில் பாருங்கள், பெயின்றுக்கு மேல் பூட்டியிருப்பீர்கள். பற்றரியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். வோல்ற் ஏறி இறங்குவதை அடக்க ஆளில்லாமல் எல்ஈடிகள்தான் முதலில் போகும்.

எங்கள் ஊர்க் காற்றில் உப்பு. இணைப்புகள் ஆறு மாதத்தில் பச்சை பிடித்துவிடும். எஞ்சினுக்கு அருகிலுள்ள கறுப்புப் பெட்டிக்குள் வயர்கள் சந்திக்கும் இடத்தில் வசிலின் தடவி மூடியிருக்கிறேன். மாரி தொடங்க முதல் ஒருமுறை திறந்து பார்ப்பேன்.

இதைக் கேள்விப்பட்டு சாவகச்சேரியில் ஒரு நண்பர் தன் 6 வோல்ற் வெஸ்பாவைக் கொண்டுவந்து நிறுத்தினார். மாட்டேன் என்றேன். அந்தப் பழசுகள் பலவற்றில் பிறேக் சுவிச் தலைகீழ். சும்மா இருக்கும்போது எர்த்தோடு தொட்டுக்கொண்டிருக்கும், மிதித்தால்தான் விலகும். அப்படியே பற்றரியைக் கொடுத்தால் பிறேக் பிடிக்காமலே பியூஸ் போகும். அதற்கு வயரிங்கையே புதிதாக யோசிக்க வேண்டும், ஒரு பின்னேர வேலை இல்லை. அவர் கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் போனார்.

சித்தப்பா போன கிழமை கோப்பாய் வரை ஓடிப் பார்த்தார். வந்து இறங்கிச் சாவியை மூடினார். லைற் அணைந்தது. திறந்தார், வந்தது. மூடினார். பிறகு ஹோனை ஒருமுறை அடித்தார். "சத்தம் பழைய மாதிரி இல்லை. அந்த ஏசி ஹோனை எறிஞ்சுபோட்டியோ?"

எறியவில்லை. அவருடைய மேசை லாச்சியில், அந்த நாலு இருவாயிகள் கிடக்கும் தகர டப்பாவுக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். கைப்பேசி சார்ஜ் பண்ண ஹான்டிலில் ஒரு சின்ன ஓட்டை போடட்டுமா என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.